அறுவை வணிகருக்குப் பதில்

கேள்வி: மதுரையில் 35 ஆண்டுகள் ஜவுளி வியாபாரம் செய்து, கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். சங்க கால வணிகத்தை ஆராய்ந்து, இரண்டே ஆண்டுகளில் டாக்டர் பட்டமும் ஒரு புத்தகமும் முடித்துவிட எண்ணம். பணத்துக்குக் குறைவில்லை. பேராசிரியர்கள் மதிப்பார்களா?

– ஓய்வுபெற்ற வியாபாரி, மதுரை

பதில்: கெடு, பட்டம், பணம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்பதைத்தான் காணோம். சரக்கு வருமுன் பெயர்ப்பலகை மாட்டுகிறவர் நீங்கள்.

பணம் படுத்தும் பாட்டுக்கு ஹைன்ரிச் ஷ்லீமனைப் பாருங்கள். ஜெர்மனியில் மளிகைக்கடைப் பையனாகத் தொடங்கி, ரஷ்யாவில் அவுரிச் சாய வியாபாரத்தில் பெரும்பொருள் சேர்த்து, நாற்பதைத் தாண்டியதும் தொழிலை விட்டார். கிரேக்கக் கவி ஹோமர் பாடிய டிராய் நகரைத் தோண்டியெடுக்க ஆசை. துருக்கியில் ஹிசார்லிக் மேட்டை அவருக்குக் காட்டிக்கொடுத்தவர், அங்கே முன்பே தோண்டிப் பார்த்திருந்த ஃபிராங்க் கால்வர்ட். புகழில் அவருக்கு ஷ்லீமன் ஒதுக்கிய பங்கு சொற்பம். 1871 முதல் 1873 வரை கூலியாட்களை விட்டு மேட்டையே பிளந்தார். டிராய் அரசன் பிரியாமின் புதையல் என்று அவர் முழங்கிய பொன், டிராய்ப் போருக்குச் சொல்லப்படும் காலத்தைவிடச் சுமார் ஆயிரம் ஆண்டு பழையது. அவர் தேடிய காலத்தின் மிச்சங்கள் மேலடுக்கில் இருந்தன. வந்த அவசரத்தில் அவற்றில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிட்டார். முறையாகப் படித்த கட்டடக் கலைஞர் டோர்ப்ஃபெல்டைத் துணைக்கு வைத்துக்கொண்டது 1882-இல். முதலிலேயே வைத்திருக்கலாமே, காசா இல்லை?

லண்டன் வங்கிக்காரர் ஜார்ஜ் குரோட் வேறு ரகம். 1843-இல் வங்கியை விட்டார். 1846 முதல் 1856-க்குள் கிரேக்க வரலாற்றைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். பத்தே ஆண்டா என்று கணக்குப் போடாதீர்கள். வங்கியில் இருந்த காலத்திலேயே இருபது ஆண்டு படித்துக் குறிப்பெடுத்தவர்.

பேராசிரியர்களின் மதிப்பு இருக்கட்டும். கடனுக்குச் சரக்கு எடுத்து, நெசவாளியிடம் பேரம் பேசிய அறிவு அவர்களில் பலரிடம் கிடையாது, உங்களிடம் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்திலேயே அழகர்மலைக் குகையில் தமிழ்-பிராமி என்ற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள் உள்ளன. உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் என்று கொடையாளிகளின் பெயர்கள். பாணிதம் வெல்லப்பாகு, கொழு ஏர்முனை, அறுவை துணி. (இக்காலத்து அறுவைக்கு இந்தப் பக்கமே போதும்.) இத்தனை சரக்குக்காரர்கள் ஒரே குகையில் கூடியது ஏன்? தனித்தனியாகக் கொடுத்தார்களா, சங்கமாகச் சேர்ந்தா? இதை ஒரு வியாபாரியின் கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள். நானே வாங்கிப் படிப்பேன்.

முதலில் அந்த எழுத்தைக் கற்றுக்கொண்டு, கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனின் வாசிப்போடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். பட்டத்துக்குப் பதிவு செய்வது பிறகு. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பேசியிருந்தால் முன்பணத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.