பரணில் ரக்கூன், விரலில் நாய்க்குட்டிப் பல்

கேள்வி: ஜப்பானில் வசிக்கிறோம். வீட்டுப் பரணில் ரக்கூன் (கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை உள்ள ஒரு காட்டு விலங்கு) குடியேறியிருக்கிறது. வெறிநோய் பரப்புமோ என்று தூக்கமே இல்லை. பிடிபடும் ரக்கூன்களின் மூளையைப் பரிசோதிக்கிறார்களாம். அப்படியானால் நோய் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? 7 வயது மகனுக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாமா? போன மாதம் ஊருக்கு வந்தபோது தெருவில் ஒரு நாய்க்குட்டி அவன் விரலைக் கடித்து லேசாக ரத்தம் வந்தது. டி.டி. ஊசி போட்டு மஞ்சள் வைத்தோம். ஆறிவிட்டது.

பதில்: ரக்கூனை விடுங்கள். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நாய்க்குட்டிதான் எனக்குக் கவலை. டி.டி. ஊசி டெட்டனஸுக்கானது. வெறிநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மஞ்சளைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. அன்று 15 நிமிடம் சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவியிருந்தால் பலன் இருந்திருக்கும். காயம் ஆறியதும் கணக்கில் வராது. வைரஸ் நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். கடித்த இடத்தில் குறுகுறுப்பு, காய்ச்சல் என்று ஆரம்பித்துவிட்டால் பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது.

அதனால் ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்காதீர்கள். இன்றே பயணத் தடுப்பூசி போடும் மருத்துவமனைக்குப் போன் செய்து, வெறிநோய்த் தடுப்பூசி கையிருப்பில் உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ரத்தம் வந்த கடி என்பதால் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசி) தேவைப்படும். அங்கே அது கிடைப்பது கடினம். கிடைக்கவில்லை என்பதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. கடித்து 10 நாள் கழித்தும் அதே குட்டி துள்ளி விளையாடியதை ஊரில் யாராவது கண்ணால் பார்த்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அப்போது ஊசியே தேவைப்படாமல் போகலாம். "குட்டிதானே" என்பது மட்டும் பதில் ஆகாது. குட்டிக்கும் வெறிநோய் வரும்.

இனி ரக்கூன். ரக்கூன் வெறிநோய் பரப்பும் என்பது அமெரிக்கக் கிழக்கு மாநிலங்களின் கதை. அங்கே ரக்கூன்களிடையே வெறிநோய் உண்டு. ஜப்பானில் 1957-க்குப் பிறகு உள்நாட்டில் எந்த விலங்குக்கும் வெறிநோய் கண்டறியப்படவில்லை. 1970, 2006, 2020 ஆண்டுகளில் அங்கே இந்நோயால் இறந்தவர்கள் எல்லாருமே வெளிநாட்டில் நாய்க்கடி பட்டு வந்தவர்கள். ரக்கூன்கூட வளர்ப்புப் பிராணியாக இறக்குமதியாகி, காட்டுக்குள் தப்பிப் பெருகியதுதான்.

பிறகு ஏன் பரிசோதிக்கிறார்கள்? தைவானும் பல பத்தாண்டுகள் நோயில்லாத நாடாகவே இருந்தது. 2013-ல் அங்குள்ள மரநாய் போன்ற ஒரு சிறு காட்டு விலங்கிடம் வெறிநோய் இருப்பது தெரியவந்தது, அதுவும் வெகுகாலமாக யாருக்கும் தெரியாமல் சுற்றியிருக்கிறது. தேடிப் பார்க்காமல் "இல்லை" என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். மூளைத் திசுவில்தான் தேட வேண்டும் என்பதால் செத்த விலங்கில்தான் பார்ப்பார்கள். உங்கள் மகனுக்கு ரத்தம் எடுத்தால் இப்போது ஒன்றும் தெரியாது. அந்தப் பரிசோதனை வேண்டாம்.

பரணுக்கு நகராட்சி அலுவலகத்தில் சொல்லுங்கள். நீங்களே பொறி வைத்துப் பிடிக்கப் போகாதீர்கள். தடுமாறுகிற, காரணமில்லாமல் பாய்கிற, அல்லது செத்துக் கிடக்கிற விலங்கைப் பார்த்தால் கையால் தொடாமல் அவர்களிடமே தெரிவியுங்கள். கண்காணிப்புக்கு அதுதான் பயன்படும். ஆனால் முதல் போன் மருத்துவமனைக்கு. கடித்த தேதியைக் குறித்துக்கொண்டு பேசுங்கள்.