முதலில் ஸ்பேனரை எடுக்காதீர்கள்: பழைய பைக் கேள்வி பதில்

வடசென்னை தண்டையார்பேட்டையில் 28 வருடமாகப் பழைய வண்டிகளைப் பிரித்துக் கோர்க்கிறேன். நம் நாட்டில் என்ஃபீல்டு புல்லட் தயாரான திருவொற்றியூர் நமக்குப் பக்கத்து ஊர். அந்த வண்டிகளே உப்புக்காற்றில் அரித்து எடைக்குப் போவதைப் பார்த்தால் மனசு தாங்கவில்லை. வீட்டிலேயே சரிசெய்ய நினைக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, இறந்துபோன எங்க அப்பாவோட யமஹா ஆர்.எக்ஸ். 100 பதினோரு வருஷமா மாடிப்படிக்குக் கீழ நிக்குது. நான் பிளக் கூடக் கழட்டினது இல்ல. எங்க ஆரம்பிக்கிறது? (கொருக்குப்பேட்டை)

பீரோவில் ஆரம்பி தம்பி. ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடு. அதிலிருக்கும் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் இருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்பார். அந்த மாடல் 1985 முதல் 1996 வரை வந்தது, ஆகவே 15 வருடப் பதிவு எப்போதோ முடிந்திருக்கும். படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வாளரிடம் காட்டிப் புதுப்பித்தால் 5 வருடத்துக்குக் கிடைக்கும். அப்பா பெயரிலிருந்து மாற்றப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். வருடக்கணக்கில் தள்ளிப்போயிருப்பதால் அபராதமும் வரலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடு.

அடுத்தது போன். கை வைக்கும் முன் நாலு பக்கமும் படம் எடு. ஒயர் எந்த நிறம் எதில் சேர்கிறது, கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று கிட்டே வைத்து எடு. ஒரே நாளில் மொத்தத்தையும் பிரித்துப் போடாதே. பிரேக் என்றால் பிரேக்கை மட்டும் கழற்று, முடித்து மாட்டு, பிறகு கார்புரேட்டருக்குப் போ. மூட்டையாகக் கட்டி என் கடைக்கு வந்த வண்டிகள் எல்லாமே ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முழுக்கப் பிரிக்கப்பட்டவை.

1980-ஆம் வருஷ புல்லட், கிக்கர் ஒரு அங்குலம் கூட இறங்கல. ஏறி மிதிக்கலாமா? (ராயபுரம்)

வேண்டவே வேண்டாம். ஏறி மிதித்தால் உள்ளே கிக்கர் பல் உடையும், இன்ஜின் அசையாது. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருவில் ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து அந்த ஓட்டை வழியாக அரை டம்ளர் ஊற்றுங்கள். ஒரு வாரம் விடுங்கள், இடையில் ஒருமுறை மறுபடி ஊற்றுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். ஒரு நூல் அளவு அசைந்தாலே பாதி வேலை முடிந்தது. அசையவில்லையா, இன்னொரு வாரம். அப்புறமும் மறுத்தால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும். சிலிண்டரில் குழி விழுந்திருந்தால் லேத் பட்டறையில் போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்ற வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்து அளவெடுக்கச் சொல்லிப் போர் போடச் சொல்லுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்துல வண்டி சீட்டு வரைக்கும் முழுகிடுச்சு. எண்ணெயும் சேர்ந்து வந்த தண்ணி. அப்படியே நிறுத்தி வெச்சிருக்கேன். தேறுமா? (எர்ணாவூர்)

தேறும். ஆனால் ஸ்டார்ட் செய்து பார்க்க ஆசைப்படாதீர்கள். கீழே வடிகால் போல்ட்டைத் திறந்து ஆயிலை வடியுங்கள். பால் போட்ட டீ மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இத்தனை நாள் நின்றதால் கிராங்க் பேரிங் துருப்பிடித்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினைப் பிரித்துப் பேரிங், ஆயில் சீல் எல்லாம் மாற்றுங்கள். கிராங்கை அழுத்திப் பிரித்துக் கோர்க்கும் பிரஸ் வேலையை மட்டும் வீட்டில் முயலாமல் அதற்கென்று உள்ள பட்டறையில் கொடுங்கள்.

டேங்குக்குள்ள டார்ச் அடிச்சா செங்கல் பொடி மாதிரி துரு. பாத்ரூம் ஆசிட் ஊத்தச் சொல்றாங்க. (காசிமேடு)

அந்த ஆசிட் துருவோடு தகட்டையும் தின்றுவிடும், அப்புறம் ஊசி ஓட்டையாக ஒழுகும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்குங்கள். டேங்குக்கு அடியிலிருக்கும் பெட்ரோல் திருகுக் குழாயைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு, லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் கணக்கில் கரைத்து டேங்க் நிறைய ஊற்றி ஒரு நாள் வையுங்கள். கொஞ்சம் நட்டு போல்ட்டு போட்டுக் குலுக்கினால் ஒட்டியதும் உதிரும். கொட்டியபின் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசுங்கள். அடுத்த வேலையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: உடனே காயவைக்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் சுத்தமான இரும்பு மறுநாள் காலைக்குள் மஞ்சள் பூத்துவிடும். காய்ந்த கையோடு உள்ளே கொஞ்சம் டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் 2T ஆயில்) விட்டு எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். ஏற்கெனவே ஓட்டை இருந்தால் வெல்டிங்குக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். காலி டேங்கில் தங்கிய பெட்ரோல் ஆவி வெடிக்கும். பலமுறை கழுவி, தண்ணீர் நிரப்பித்தான் நெருப்பைக் காட்டுவார்கள், அது தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று, இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் டியூபைப் புதிதாக மாற்றுங்கள், மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்கை வடித்துவிடுங்கள். உப்பைச் சமாளிக்கும் கிரீஸ் எது என்று உங்கள் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பார்ப்பவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

ஆர்.எக்ஸ். ஸ்டார்ட் ஆயிடுச்சு! ஆனா ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இறங்காம கத்துது. (பெரம்பூர்)

உடனே நிறுத்து! கிராங்க் ஆயில் சீல் காய்ந்து வெடித்துக் காற்று இழுக்கும். பெட்ரோலோடு டூடி ஆயிலும் குறைந்து பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டு நின்றுவிடும். இரண்டு பக்கமும் சீல் மாற்று. ஆயில் பம்ப்பில் காற்று நிற்கிறதா பார்த்து வெளியேற்று. முதல் டேங்குக்கு மட்டும் லிட்டருக்கு 25 மில்லி டூடி ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்துவிடு. புகை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

புல்லட்டை உதைச்சா கிக்கர் திருப்பி அடிக்குது. கணுக்கால் வீங்கிடுச்சு. (திருவொற்றியூர்)

காலுக்கு முதலில் ஓய்வு கொடுங்கள். பாயின்ட் வண்டிதானே, பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்தப் பாயின்டின் கேப் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கட்டும். பிறகு பொறி விழும் நேரமான டைமிங், வேகத்துக்கேற்ப அதை முன்னே தள்ளும் ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங் இரண்டையும் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்தால் பிளக் முந்திக்கொண்டு பொறி தரும், அதுதான் காலைத் தூக்கி அடிக்கிறது. உதைப்பதற்கும் முறை உண்டு. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் ஆம்பியர் முள் நடுவுக்கு வரும். அங்கே சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷர் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் சற்றே இறக்குங்கள். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுக்க ஒரே மிதி. பாதி மிதியில் காலை எடுக்காதீர்கள்.

பார்ட்ஸ் எங்க வாங்கறது? (வியாசர்பாடி)

புது பார்ட்ஸுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழசுக்குப் புதுப்பேட்டை. தேய்ந்த பழைய சாமானைக் கையில் எடுத்துப் போய் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கு. மலிவான புது கார்புரேட்டரை விடச் சுத்தம் செய்த கம்பெனி கார்புரேட்டர் எனக்கு எப்போதும் மேல். இன்ஜினாக வாங்கினால் பில்லும் பழைய வண்டியின் ஆவணமும் கேள், ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்று. இல்லையென்றால் அது திருட்டு இன்ஜினாக இருந்தால் மாட்டிக்கொள்வது நீதான்.

ஃபிரேமை பவுடர் கோட்டிங் கொடுக்கலாமா? (மணலி)

கொடுக்கலாம், பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டும் அந்தப் பூச்சு உப்புக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் சேஸிஸ் நம்பர் மேல் டேப் ஒட்டச் சொல்லி, ஒட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். எனக்கு நடந்திருக்கிறது. ஒரு கடையில் கொடுத்த ஃபிரேம் கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது, நம்பர் இருந்த இடத்தை விரலால் தடவினால் வழவழ என்றது. ஆய்வுக்குப் போகும் முன் பெயின்ட் ரிமூவரும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி ஒவ்வோர் எழுத்தாகத் தோண்டி எடுத்தேன்.

அண்ணா, எங்க அப்பாவோட யெஸ்டி பைக் டேங்க்ல ரெண்டு பக்கமும் முட்டி உரசி பெயின்ட் போயிருக்கு. புதுசா அடிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. (புதுவண்ணாரப்பேட்டை)

அடிக்காதேம்மா. மைசூரில் யெஸ்டி செய்த ஆலை 1996-லேயே மூடிவிட்டது, அங்கிருந்து வந்த பெயின்ட் மிச்சமிருப்பதே பெரிது. சோப்புத் தண்ணீரில் துடை, காய்ந்ததும் மெல்லிய பாலிஷ் கொடு. தகடு வெளியே தெரிகிற அந்த இரண்டு இடத்திலும் துரு ஏறாமல் இருக்க நிறமில்லாத மெழுகு பூசு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை. அப்பாவின் முட்டி பட்ட இடம் அப்படியே இருக்கட்டும்.