எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு: வார்டு போஸ்டிங்கில் போனை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: தர்மபுரியிலிருந்து குமரி மாவட்டத்துக்கு எம்பிபிஎஸ் படிக்க வந்திருக்கிறேன். போன் போதுமா, டேப் வாங்க வேண்டுமா? ஆப்களை எந்த அளவுக்கு நம்பலாம்? வார்டு போஸ்டிங்கில் (வார்டில் நோயாளிகளைப் பார்த்துப் படிக்கும் நேரத்தில்) போனை எடுக்கவே கூடாது என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்களே?

பதில்:

போனே போதும். டேப்புக்குப் போடும் பணத்தில் முதலில் நல்ல ஸ்டெதஸ்கோப்பும் டார்ச்சும் வாங்குங்கள். டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால், நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு கைதான் மிஞ்சும். விடுதியில் உட்கார்ந்து பிடிஎஃப் படிக்க அது வசதி, அவ்வளவுதான்.

வார்டில் போனை எடுக்கும் நேரம் முக்கியம். கேஸ் கேட்டு, பரிசோதித்து, உங்கள் அனுமானத்தைத் தாளில் ஒரு வரி எழுதிய பிறகு எடுங்கள். முன்னாலேயே அறிகுறிகளைத் தட்டிப் பார்த்துவிட்டால், திரையில் வந்த நோய்க்குத் தோதான கேள்விகளையே கேட்பீர்கள். மண்ணீரலைத் தொட்டுப் பார்க்க மறந்துபோகும்.

போன் அதிகம் உதவுவது மருந்தளவில். அதிகம் கவிழ்ப்பதும் அங்கேதான். 12 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல் என்று வையுங்கள். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 180 மி.கி. அமெரிக்காவில் குழந்தைகள் சிரப் 5 மி.லி.க்கு 160 மி.கி., அதனால் அங்கத்திய கணக்கு 5.6 மி.லி. என்று வரும். நம்மூர் பார்மசியில் 5 மி.லி.க்கு 120, 125, 250 மி.கி. என்று பல பாட்டில்கள். 250 பாட்டிலிலிருந்து அந்த 5.6 மி.லி.யை ஊற்றினால் 280 மி.கி. உள்ளே போகும், அதாவது கிலோவுக்கு 23 மி.கி.க்கு மேல். அந்தப் பாட்டிலில் சரியான அளவு 3.6 மி.லி. 120 பாட்டில் என்றால் 7.5 மி.லி. சொட்டு மருந்தோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. கொண்டது, அதில் குழப்பினால் ஆபத்து இன்னும் பெரிது. ஆகவே ஆப்பிலிருந்து 'கிலோவுக்கு எத்தனை மி.கி., ஒரு நாளைக்கு எத்தனை தடவை' என்பதை மட்டும் எடுங்கள். மி.லி. கணக்கை, பாட்டிலைக் கையில் வைத்து லேபிளைப் படித்து நீங்களே போடுங்கள். போட்டதை ஒரு ஹவுஸ் சர்ஜனிடமோ (பயிற்சி மருத்துவர்) பிஜியிடமோ (மேற்படிப்பு படிக்கும் மருத்துவர்) காட்டுங்கள்.

பெயரும் அலகும் மாறும். அமெரிக்க ஆப்பில் பாராசிட்டமால் அசிட்டமினோஃபென், சால்பூட்டமால் அல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின். பிரிட்டன் பக்கத்து ஆப் கிரியாட்டினினை (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) மைக்ரோமோலில் கேட்கும். நம் லேப் தரும் 1.2 மி.கி.யை 88.4 ஆல் பெருக்கி 106 என்று போட வேண்டும். சர்க்கரை மில்லிமோலில் இருந்தால் 18 ஆல் பெருக்கினால் நம் மி.கி. கணக்கு வரும். எண்ணைத் தட்டுவதற்கு முன் கட்டத்தின் ஓரத்தில் எந்த அலகு இருக்கிறது என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து நோய்கள் சிலவற்றுக்கு வெளிநாட்டு ஆப் கைகொடுக்காது. மலையோர ரப்பர் தோட்டங்கள் இருக்கும் மாவட்டத்தில் பாம்புக்கடி கேஸ் பார்க்காமல் போஸ்டிங் முடியாது. இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும், மூக்கு நுனி மேலே தூக்கிய குழிவிரியனின் விஷத்தை அது முறிக்காது. ரத்தம் உறையாமல் போவதும் சிறுநீரகம் பழுதாவதும் அந்தக் கடியிலும் வரும். கூட வந்தவர் போனில் பாம்பின் படம் இருந்தால் உடனே சீனியரிடம் காட்டச் சொல்லுங்கள். படம் எடுத்து வரச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

பாம்புக்கடி கேஸில் உங்கள் போனின் பெரிய உதவி அலாரம்தான். விஷத்தால் ரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும் 20 நிமிட உறைதல் சோதனைக்கு, சிரையிலிருந்து எடுத்த 2 மி.லி. ரத்தத்தைப் புதிய, உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் வைத்து, மணி அடித்ததும் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். அவசரப்பட்டுப் பத்தாவது நிமிடத்தில் சாய்த்தாலும் தப்பான முடிவுதான்.

தர்மபுரித் தமிழோடு வருவதால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். களியக்காவிளை, விளவங்கோடு பக்கத்திலிருந்து மலையாளம் கலந்து பேசுபவர் 'பனி' என்றால் காய்ச்சல். 'நீரு' என்றால் வீக்கம். 'அணலி' என்றால் கண்ணாடி விரியன். 'ரெண்டு நாளா பனி, காலுல நீரு' என்பதை மொழிபெயர்ப்பு ஆப்பிடம் தமிழ் என்று கொடுத்தால் குளிரும் தண்ணீரும்தான் கிடைக்கும். போனில் ஒரு குறிப்புப் பக்கம் திறந்து, கேட்ட சொல், அதன் பொருள், எந்த வார்டில் கேட்டது என்று சேர்த்து வாருங்கள். பொருளை அந்த வார்டு நர்ஸ் அக்காவிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒப்புதல் வாங்கும் பேச்சை மட்டும் ஆப்பிடம் ஒருபோதும் விடக் கூடாது.

இரண்டாம் ஆண்டில் பேத்தாலஜி (நோய்க்கூறியல்) ஸ்லைடுகளை மைக்ராஸ்கோப் வழியே படமெடுத்து வைப்பது பெரிய பலன் தரும். போன் கவரைக் கழற்றுங்கள். ஐபீஸையும் (மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும் லென்ஸ்) போன் லென்ஸையும் துடையுங்கள். கேமராவை 1x-இல் வையுங்கள். பல லென்ஸ் உள்ள போன் தானாக வேறு லென்ஸுக்குத் தாவிவிடும். ஐபீஸுக்கு 1 முதல் 2 செ.மீ. மேலே பிடித்து, இடது கை விரல்களை ஐபீஸைச் சுற்றி வளையமாக வைத்து அதன்மேல் போனைத் தாங்குங்கள். வெளிச்ச வட்டம் முழுதாகத் தெரிந்ததும் திரையை அழுத்திப் பிடித்து ஃபோக்கஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, 3 விநாடி டைமரில் எடுங்கள். கையால் பட்டனைத் தட்டினால் அந்த அசைவே படத்தைக் கலைத்துவிடும். கீழே சாயம், ஆப்ஜெக்டிவ் (ஸ்லைடுக்கு அருகில் உள்ள லென்ஸ்), ஸ்லைடு எண் மூன்றையும் எழுதுங்கள். திரையில் ஜூம் செய்தபின் '400 மடங்கு' என்று எழுதினால் அது உண்மையாகாது.

மனப்பாடத்துக்கு அன்கி, கேள்வி-பதில் அட்டைகளைத் திருப்பித் திருப்பிக் காட்டும் ஆப். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. அது தானாக வைத்திருக்கும் 'ஒரு நாளைக்கு 20 புது அட்டை' என்பதைப் பத்தாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் சில வாரங்களில் திருப்பிப் பார்க்க வேண்டியவை நூற்றைத் தாண்டும், போஸ்டிங் களைப்பில் இரண்டு நாள் விட்டால் குவிந்துவிடும், பிறகு திறக்கவே மனம் வராது. ஓர் அட்டைக்கு ஒரே கேள்வி. 'நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் பற்றி எழுது' என்பது அட்டை அல்ல. 'பெரியவருக்கு 24 மணி நேரத்தில் சிறுநீரில் எவ்வளவு புரதம் கசிந்தால் நெஃப்ரோடிக்?' என்று கேட்டு, பின்னால் 3.5 கிராமுக்கு மேல் என்று எழுதினால் அது அட்டை. அடுத்தவர் செய்த தொகுப்பை இறக்குவதைவிட, அன்று பார்த்த நோயாளியிலிருந்து ஐந்து அட்டை எழுதுவது மேல்.

நோயாளியைப் படமெடுப்பதில் கண்டிப்பு வேண்டும். எழுத்தில் ஒப்புதலும் யூனிட் தலைவரின் அனுமதியும் இல்லாமல் எடுக்காதீர்கள். அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ கேஸையோ அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. கண்ணை மறைத்தால் போதாது. பச்சை குத்திய பெயர், படுக்கை எண், எக்ஸ்ரே மூலையில் உள்ள பெயர் எல்லாமே காட்டிக்கொடுக்கும். ஹைலைட்டர் தூரிகையால் கறுப்படித்தால் வெளிச்சத்தைக் கூட்டியதும் எழுத்து தெரிந்துவிடும், ஆகவே அந்தப் பகுதியையே வெட்டுங்கள். கேலரி தானாக இணையத்தில் ஏறுவதையும், வாட்ஸ்அப் படங்கள் தானாகச் சேமிக்கப்படுவதையும் முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

கையுறை போட்ட கை போனைத் தொடவே கூடாது. போஸ்டிங் முடிந்ததும் கவரைக் கழற்றி, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துடைப்பானால் இரு பக்கமும் துடைத்து, தானாக உலர விடுங்கள். உடனே கைக்குட்டையால் துடைத்தால் கிருமி சாக நேரம் கிடைக்காது. ஐசியுவுக்குள் போனைக் கொண்டு போகாதீர்கள்.

ஆசிரியர்கள் தடுப்பதிலும் நியாயம் உண்டு. வலியோடு படுத்திருப்பவருக்கு, குனிந்து திரையைத் தட்டும் மாணவர் யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும். எடுப்பதற்கு முன் 'அம்மா, மருந்தோட அளவு பாக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லி, திரையை அவருக்கும் தெரியும்படி சாய்த்துப் பிடியுங்கள். ரவுண்ட்ஸ் நடக்கும்போது போன் பையில் இருக்கட்டும். சந்தேகத்தைச் சிறு நோட்டில் குறித்துக்கொண்டு, ரவுண்ட்ஸ் அடுத்த வார்டுக்கு நகரும் இடைவெளியில் பாருங்கள்.