அறிவாளர் வட்டம் மூன்றாம் கூட்டத்தோடு கலைவது ஏன்?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 29. கிளிநொச்சியில் ஒரு திணைக்களத்தில் வேலை. மேற்படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தபோது மென்சா சங்கத்தில் சோதனை எழுதி உறுப்பினரானேன். நுண்ணறிவுச் சோதனையில் மேல் 2 சதவீதத்துக்குள் வருபவர்களைச் சேர்க்கும் சங்கம் அது. எனக்குப் பிடித்தது அதன் உள்ளூர்க் கிளைதான். மாதம் ஒரு இராச்சாப்பாடு, ஒரு விளையாட்டு மாலை, எப்போதாவது எல்லோருமாக ஒரு நடை. ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பேசினாலும் யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள்.

இங்கே அப்படிப் பேச ஒருவரும் இல்லை. அலுவலகத்தில் இடமாற்றமும் சம்பளமும் கலியாணமும்தான் பேச்சு. அதனால் எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு அறிவாளர் வட்டம் தொடங்கினேன். சேர்வதற்கு 30 கேள்விகள் கொண்ட சோதனை, பாதி ஆங்கிலத்தில். முதற்கூட்டத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். மூன்றாவதற்கு நான்கு பேர். ‘மூளைக்காரர் சங்கம்’ என்று பட்டப்பெயரும் வந்துவிட்டது. அம்மா “உனக்கு மண்டைக்கனம் பிள்ளை, அதுதான் ஒருத்தரோடையும் ஒட்டமாட்டாய்” என்கிறா. இப்போது வேலை முடிந்து வந்தால் அறையை விட்டு வெளியே வர மனமில்லை. வட்டத்தை விட்டுவிடவா? எனக்குத்தான் ஏதும் பிரச்சினையா?

வாசகி, கிளிநொச்சி

அன்புத் தங்கச்சிக்கு,

இது மண்டைக்கனம் இல்லை, பேச்சுத்துணை இல்லாத தனிமை. வட்டத்தை விடவேண்டாம். வாசலில் வைத்த சோதனையை எடுத்துவிடுங்கள்.

மென்சாவை 1946இல் ஒக்ஸ்போர்ட்டில் தொடங்கிய ரோலண்ட் பெரிலும் லான்ஸ்லட் வேரும் சேர்வதற்கு ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார்கள்: சோதனைப் புள்ளி. அது அங்கே செல்லுபடியாவதற்குக் காரணம் உண்டு. அந்தச் சோதனைகளை அந்தந்த மொழி பேசும் பெருந்தொகையான மக்களிடம் முதலில் கொடுத்துப் பார்த்து, சராசரி எங்கே, மேல் இரண்டு சதவீதம் எங்கே என்று வகுத்திருப்பார்கள். அதனால்தான் வெக்ஸ்லர் என்ற நுண்ணறிவுச் சோதனையின் அளவில் 130 எடுத்தவரும் கட்டெல் என்ற இன்னொரு சோதனையின் அளவில் 148 எடுத்தவரும் ஏறக்குறைய ஒரே படியில் நிற்கிறார்கள். புள்ளி என்பது ஆட்களை வரிசைப்படுத்தினால் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதுதான். உங்கள் 30 கேள்விகளுக்கு அப்படி ஒரு வரிசை பின்னால் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த பாதி, ஆங்கிலத்தைத்தான் அளந்திருக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2008, 2009இல் வன்னியில் பத்து வயது முதல் பதினாறு வயது வரை இருந்த பிள்ளைகள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடம் மரத்தடிக்கும் தரப்பாளுக்கும் மாறி, கடைசியில் செட்டிகுளம் முகாம்களில் இருந்து மீண்டும் புத்தகம் எடுத்தவர்கள். சிலர் எடுக்கவே இல்லை. அவர்கள் உங்கள் வயதுக்காரர், உங்கள் வட்டத்துக்கு வரக்கூடியவர்கள். ‘நீ போதாது’ என்று வாழ்க்கையில் ஏற்கெனவே கேட்டவர்களிடம் வாசிகசாலை வாசலில் இன்னொரு வினாத்தாளை நீட்டினால் அவர்கள் திரும்பிப் போவார்கள். பட்டப்பெயரும் அந்த வாசலில்தான் பிறந்திருக்கும். ஊர் உங்களை வெறுக்கவில்லை, வினாத்தாளைப் பகிடி பண்ணுகிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். இரண்டு சதவீதம் என்றால் ஐம்பது பேருக்கு ஒருவர். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் சனம் இருக்கிறது. அப்படியானவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இருக்கவேண்டும்! தண்ணிப் பம்பின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு பழுது என்று சொல்கிறவர், மாதர் சங்கத்தின் கடன் கணக்கை மனதிலேயே வைத்திருக்கும் அக்கா, அறிவியல் நகரிலிருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து மாணவர், இவர்களில் யார் அந்த இரண்டாயிரத்தில் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை.

இங்கிலாந்தில் கிளை எப்படி நடந்தது என்று ஒருமுறை யோசியுங்கள். சோதனை ஒருநாளோடு முடிந்தது. பிறகு உங்களைப் பிடித்து வைத்திருந்தது மாறாத தேதி, வருகிறவரை வாசலில் வரவேற்கும் ஒரு ஆள், மேசையில் ஒரு விளையாட்டு. பெரிய கிளைகளிலும் சந்தா கட்டுபவர்களில் சிறுபகுதிதான் கூடல்களுக்கு வருவார்கள். அந்தச் சிறுபகுதியை வைத்தே கிளை ஓடும். ஆகவே மூன்றாம் கூட்டத்துக்கு வந்த நால்வர்தான் உங்கள் கிளை.

இனி வன்னிக்கு ஏற்றபடி. கூடும் நாளை ‘மாதத்தின் முதல் ஞாயிறு’ என்று நிரந்தரமாக்குங்கள். ‘அறிவிப்போம்’ என்று விட்ட கூட்டத்துக்கு ஆள் வராது. நேரம் பின்னேரம் 3 முதல் 5 வரை. காலையில் ரியூசன், 5 மணிக்குப் பிறகு உள்ளூர்ப் பாதைகளில் பஸ் குறைந்துவிடும், இருட்டினால் பெண்பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள். காலபோக அறுவடைக் காலத்தில் ஆள் குறையும். அப்போது மூன்று பேர் வந்தாலும் கூடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வாசிகசாலை நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, கிராம சேவையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இங்கே புதிதாக ஆட்கள் கூடினால் ‘என்ன கூட்டம்’ என்ற கேள்வி வரும். பதில் முன்கூட்டியே இருந்தால் வருகிறவர்களின் பெற்றோருக்கும் பயமில்லை. மென்சா ஒரு சங்கமாக அரசியலிலும் மதத்திலும் எந்தப் பக்கமும் எடுப்பதில்லை. அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கட்சித் துண்டுப்பிரசுரம் வட்டத்துக்குள் வரக்கூடாது.

எட்டுப் பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு பேர் பேச மற்றவர்கள் பார்வையாளராகிவிடுவார்கள்.

முதல் ஒரு மணித்தியாலம் விளையாட்டு. சதுரங்கத்தோடு தொடங்கவேண்டாம். இரண்டு பேர் குனிந்திருக்க, தோற்றவர் அடுத்தமுறை வரமாட்டார். 304 என்ற சீட்டு விளையாட்டை ஆடுங்கள். நான்கு பேர், எதிரெதிரே கூட்டாளி, 32 கடதாசி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குவீனுக்கு 2. ஒரு சாதிக் கடதாசிக்கு 76, நான்கு சாதிக்கும் சேர்த்து 304. எத்தனை கேட்பது, துரும்பை எதில் வைப்பது, கூட்டாளியின் கையில் என்ன இருக்கும் என்று விழுந்த கடதாசிகளை வைத்து ஊகிப்பது, இதெல்லாம் நீங்கள் விரும்பும் அதே மூளைவேலை. எட்டாம் வகுப்போடு நின்றவரும் பட்டதாரியும் ஒரே மேசையில் கூட்டாளியாக இருக்கலாம். அநேகமாக முன்னவர்தான் வெல்லுவார். ஆனால் கடதாசி என்றால் சூது என்று நினைக்கும் வீடுகள் உண்டு. காசு இல்லை என்பதை முதல்நாளே சொல்லி, புள்ளிக்குப் புளியங்கொட்டை வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் வந்தால் இரண்டு மேசை. ஒவ்வொரு கூட்டத்திலும் கூட்டாளியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழகினவர்கள் ஒட்டிக்கொண்டு புதியவர் ஓரமாகிவிடுவார்.

அடுத்து ஒரு புதிர், கரும்பலகையில். உதாரணமாக: ஒன்பது பொற்காசில் ஒன்று மற்றவற்றைவிடப் பாரம். தராசில் இரண்டே நிறுவையில் அதைக் கண்டுபிடிக்கவேண்டும். ஐந்து நிமிடம் எல்லோரும் தனியே, பிறகு இருவர் இருவராக. இங்கே கெடுவது ஒரே காரணத்தால்: விடை தெரிந்தவர் சத்தமாகச் சொல்லிவிடுவார். தெரிந்தவர் கையைத் தூக்கிவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும், மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடுக்கலாம் என்று வையுங்கள். அந்தப் புதிருக்கு ‘மூன்று மூன்றாகப் பிரியுங்கோ’ என்பதே போதும்.

கடைசியில் ஒருவர் 15 நிமிடம் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லட்டும். இரணைமடுக் குளத்தின் வான்கதவை எப்போது, ஏன் திறக்கிறார்கள் என்று அங்கே வேலைசெய்தவர் சொன்னால் அதற்கு ஈடாக எந்தப் பேராசிரியரும் வேண்டாம். கேள்விக்கு இன்னும் 15 நிமிடம். மறுத்துப் பேச விரும்புகிறவர் முதலில் எதிராளி சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். கெட்டிக்காரர் கூடுகிற இடத்தில் திருத்துகிற பழக்கம்தான் ஆட்களைத் துரத்தும். இந்த விதி உங்களுக்கும்தான் தங்கச்சி.

அமெரிக்க மென்சாக் கூடல்களில் பெயரட்டையில் நிறப்பொட்டு ஒட்டும் வழக்கம் உண்டு. பச்சை என்றால் கட்டியணைக்கலாம், மஞ்சள் என்றால் கேட்டுவிட்டு, சிவப்பு என்றால் வேண்டாம். கட்டியணைப்பது நம் ஊர் வழக்கமில்லை, ஆனால் யோசனை நல்லது. பச்சைப் பொட்டுக்காரர் கதைக்க விருப்பம், மஞ்சள் பொட்டுக்காரர் இன்றைக்குக் கேட்டுக்கொண்டிருக்க விருப்பம் என்று வைத்தால் கூச்சமுள்ளவர் நிம்மதியாக உட்காருவார். பிளேன்ரீயும் கச்சானும் ஒவ்வொரு மாதம் ஒவ்வொருவர் பொறுப்பு. சந்தா இப்போது வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் தேதியும் இடமும் மட்டும். காலை வணக்கப் படங்கள் தொடங்கினால் அறிவித்தலை யாரும் பார்க்கமாட்டார்கள்.

உங்கள் மனநிலை பற்றியும் சொல்லவேண்டும். ஒரு வட்டத்தில் உங்களை முழுதாகப் புரிந்துகொள்ளும் ஒருவரைத் தேடினால் ஒவ்வொரு கூட்டமும் ஏமாற்றமாகத்தான் முடியும். இங்கிலாந்திலும் ஒரு மேசையில் ஒருவரோடு புத்தகம், இன்னொருவரோடு கணக்கு என்று பிரித்துத்தான் பேசியிருப்பீர்கள். அலுவலகத்துக்காரரோடும் கலியாணக் கதை கதையுங்கள், அதற்குள்ளேயும் 304 ஆடத் தெரிந்த ஒருவர் இருப்பார். அம்மாவிடம் “எனக்குத் தனியாக இருக்குது அம்மா” என்று நேரே சொல்லிப் பாருங்கள். மண்டைக்கனம் என்று அவ சொல்வது, மகள் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் பயத்தில்.

அறையை விட்டு வர மனமில்லாத நிலை இரண்டு கிழமைக்கு மேல் நாள் முழுவதும் நீடித்தால், நித்திரையும் பசியும் கெட்டால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வருகிற முதல் ஞாயிறுக்கு முன் அந்த நால்வருக்கும் தனித்தனியாகத் தொலைபேசி எடுங்கள். குழுச் செய்தி வேண்டாம். “சோதனை இல்லை, 304 ஆடப்போறம், தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று மட்டும் சொல்லுங்கள். வாசிகசாலைத் திறப்பை முதல்நாளே வாங்கிவைத்து, அன்றைக்கு இரண்டரைக்கே போய்க் கதவைத் திறந்துவிடுங்கள்.

அன்புடன்,
உளவளத்துணையாளர்