500 ரூபாய் கட்டணப் போட்டிக்குக் கதை அனுப்பும் முன்

வணக்கம். தேவனாம்பட்டினம் மீனவர்களைப் பற்றிய கதையை 500 ரூபாய் கட்டி இணையப் போட்டிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தை விட, ‘வரும் படைப்புகள் அனைத்தின் உரிமையும் எங்களுக்கே’ என்று நீங்கள் காட்டிய விதிதான் எனக்குக் கவலை. பரிசு கிடைக்காவிட்டாலும் கதை கையை விட்டுப் போய்விடும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். எவ்வளவு காலத்துக்கு உரிமை கேட்கிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், இணையத்தில் வந்துவிட்ட கதையைப் பல அச்சிதழ்கள் ஏற்பதில்லை. போட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கெடு தேதி இருந்தால்தான் நம்மில் பலருக்குக் கதை முடிகிறது. நடுவர் கருத்து எழுதித் தரும் இலவசப் போட்டி கிடைத்தால் வேறொரு கதையை அனுப்புங்கள். இதை முதலில் ஒரு சிற்றிதழுக்கு அனுப்பிப் பாருங்கள்.