பரணில் கிடைத்த திப்பு படம் அசல் அச்சா?

கேள்வி: பாலக்காடு பக்கம் கொல்லங்கோட்டில் தாத்தா வீட்டுப் பரணில் கண்ணாடி போட்ட பழைய படம் ஒன்று கிடைத்தது. கோட்டை வாசலில் திப்பு சுல்தான் வாளோடு நின்று படையை நடத்துகிறார். கீழே பொடி ஆங்கில எழுத்து, ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. இது அசலா? லேமினேட் செய்யலாமா?

பதில்: லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதம் கிழியாமல் உரிப்பது மிகவும் கஷ்டம்.

சரி, அசலா என்று பார்ப்போம். ஃபிரேமிலிருந்து எடுத்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். செப்புத்தகட்டில் செதுக்கி அழுத்திய அச்சு என்றால், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த தடம் தெரியும். ஓரத்தை யாராவது வெட்டியிருந்தால் தெரியாது. அப்புறம் 10 மடங்கு லென்ஸ் வைத்துக் கோடுகளைப் பாருங்கள். அமிலத்தில் அரித்த கோட்டின் முனை மழுங்கியிருக்கும், உளியால் கீறியது கூராக முடியும். புள்ளிகள் சம இடைவெளியில் வரிசையாக இருந்தால் அது பிற்கால நகல்.

ஆனால் புள்ளி இருக்கிறது என்பதற்காகவே ஒதுக்கிவிடாதீர்கள். 1799 மே 4 அன்று திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் பிரிட்டிஷ் படையிடம் வீழ்ந்ததை ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற பிரிட்டிஷ் ஓவியர் மறு வருடமே லண்டனில் பிரம்மாண்டமான ஓவியமாக வரைந்தார். வென்ட்ராமினி என்ற செதுக்குக் கலைஞர் அதைத் தகட்டில் புள்ளி புள்ளியாகவே செதுக்கினார். கையால் இட்ட புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும்.

கீழே உள்ள எழுத்தையும் படியுங்கள். இடது மூலையில் ஓவியர், வலது மூலையில் செதுக்கியவர், நடுவே வெளியிட்டவர் பெயரும் தேதியும் இருப்பது வழக்கம். 1735-ம் வருட பிரிட்டிஷ் சட்டம் அந்தத் தேதியைக் கேட்டது. நகலிலும் இதே வரி அப்படியே வரும் என்பதால், தகட்டுத் தடமும் லென்ஸும் சொல்வதோடு சேர்த்தே முடிவெடுங்கள்.

படத்தில் இருப்பதை நடந்ததாக நம்பிவிடவும் வேண்டாம். போர்ட்டர் அந்தப் போரைப் பார்த்தவர் இல்லை. வென்றவர்களின் ஊரில், அவர்கள் பார்ப்பதற்காக வரைந்தார். திப்பு தன் படைத்தலைமை எப்படித் தெரிய வேண்டும் என்று நினைத்தார் என்பதற்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவருடைய கோடை மாளிகையான தரியா தௌலத்தின் சுவரில் உள்ள, பிரிட்டிஷ் படையை மைசூர் படை தோற்கடித்த 1780 பொள்ளிலூர் போர்க் காட்சியைப் பாருங்கள். திப்பு கோட்டை எனப்படும் பாலக்காட்டுக் கோட்டையை அருகில் வைத்திருக்கும் நீங்கள் இந்த இரண்டு படங்களையும் ஒப்பிட்டே ஆக வேண்டும்.

பழுப்புப் புள்ளிகளை பிளீச் போட்டு வெளுக்காதீர்கள். பின்னால் உள்ள பலகையை எடுத்துவிட்டு அமிலமில்லாத அட்டை வையுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டக் கூடாது, மழைச்சாரல் அடிக்கும் சுவரிலும் மாட்டக் கூடாது. கீழே உள்ள எழுத்து வரியை மட்டும் அருகில் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தப் பதிப்பு என்று பார்க்கலாம்.