வார்னிஷ் தடவிய பல் எனாமலில் ஃபுளோரைடை அளப்பது எப்படி?

கேள்வி: பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களில் 5% சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் தடவி, எவ்வளவு ஃபுளோரைடு படிகிறது என்று அளக்கிறேன். ஒரே வார்னிஷ்தான், ஆனாலும் பல்லுக்குப் பல் அளவு பல மடங்கு மாறுகிறது. இ.டி.எக்ஸ். (எக்ஸ் கதிர்களை வைத்துத் தனிமங்களை அறியும் முறை) மட்டும் எடுத்தால் போதுமா?
– முதுநிலைப் பல் மருத்துவ மாணவி, சேலம்

பதில்: எனக்கு முதல் சந்தேகம், பல்லில் மிச்சமிருக்கும் வார்னிஷ் மேல்தான். அதில் ஃபுளோரைடு 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). துளி ஒட்டியிருந்தாலும் நீங்கள் அளப்பது எனாமலை அல்ல, வார்னிஷை. பிளேடால் மெல்லச் சுரண்டி, அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்து, அயனி நீக்கிய நீரில் அலசுங்கள்.

அப்புறம், பல்லில் இருப்பது இரண்டு வகை ஃபுளோரைடு. மேலே குட்டிக் குட்டி உருண்டைகளாகப் படியும் கால்சியம் ஃபுளோரைடு ஒன்று. எனாமல் படிகத்துக்குள்ளேயே சேர்ந்துவிட்டது இன்னொன்று. முதலாவதை 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 24 மணி நேரம் ஊறவைத்துக் கரைத்தெடுக்கலாம், எனாமல் கரையாது. 1975இலிருந்து புழக்கத்தில் உள்ள முறை இது. அதை முடித்த பிறகே அமிலத்தால் எனாமலை அரித்து இரண்டாவதைப் பாருங்கள். வரிசை மாறினால் இரண்டும் கலந்துவிடும். அரித்த கரைசலில் கால்சியத்தையும் அளந்தால்தான் எவ்வளவு ஆழம் போனோம் என்று தெரியும்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு எடுத்த காரக் கரைசலில் ஃபுளோரைடு எலக்ட்ரோடை (கரைசலில் ஃபுளோரைடை அளக்கும் மின்முனை) நேரடியாக வைக்காதீர்கள். ஹைட்ராக்சைடு அயனியையும் அது ஃபுளோரைடாக எண்ணிக் கூட்டிக் காட்டும். சம அளவு அமிலம் விட்டு நடுநிலையாக்கி, டைசாப் (அமில-கார நிலையையும் அயனி வலிமையையும் ஒரே சீராக வைக்கும் கரைசல்) சேருங்கள். ஸ்டாண்டர்டுகளையும் (ஒப்பிடுவதற்கான, ஃபுளோரைடு அளவு தெரிந்த கரைசல்கள்) இதே கலவையில் தயாரியுங்கள்.

முடிவைப் பரப்புக்குத்தான் சொல்ல வேண்டும். நகப்பாலிஷ் பூசி 4 × 4 மி.மீ. ஜன்னல் மட்டும் விட்டால் அது 0.16 ச.செ.மீ. காரம் 1 மி.லி., அமிலம் 1, டைசாப் 2, ஆக மொத்தம் 4 மி.லி. அதில் 0.5 பிபிஎம் வந்தால் 2 மைக்ரோகிராம், அதாவது ச.செ.மீ.க்கு 12.5 மைக்ரோகிராம்.

உங்கள் பக்கத்துப் பற்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதித் தண்ணீரில் வளர்ந்தவரின் எனாமலில் முதலிலேயே ஃபுளோரைடு கூடுதலாக இருக்கலாம். அதனால் பல்லை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் மட்டும் வார்னிஷ் தடவி, மறுபாதியோடு ஒப்பிடுங்கள். வேறு ஆளின் பல் கன்ட்ரோலாக வேண்டாம்.

இ.டி.எக்ஸா? ஃபுளோரின் லேசான தனிமம், அதன் சிக்னலும் பலவீனம். உருண்டைகள் படிந்திருக்கின்றனவா என்று எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தோடு காட்ட அது சரி. எண்ணுக்கு எலக்ட்ரோடைத்தான் நம்புவேன்.